பாட்டும் பிழைப்பும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

முன்னுரை

கவிஞர்களின் வரலாற்றைப் படிக்கும்போது நாம் வழக்கமாக இரண்டு செய்திகளைத் தேடுகிறோம். அவர் எங்கே, எப்போது பிறந்தார் என்பது ஒன்று. என்னென்ன நூல்கள் எழுதினார் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அவர் வீட்டு வாடகைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அரிசிக்கும் பருப்புக்கும் யார் கொடுத்தார்கள்? பாடநூல்கள் இதைக் கேட்பதில்லை. வீட்டில் இருப்பவர்கள் இதை மட்டுமே கேட்கிறார்கள்.

"எழுத்து சோறு போடுமா?" என்னும் கேள்வி, முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறிய என் போன்றோர் வீடுகளில் ஏளனத்தால் எழுவதன்று, கவலையால் எழுவது. கவலையோடு கேட்கப்படும் கேள்விக்கு மேடைப் பேச்சு விடையாகாது. உண்மையான விடை வேண்டும். ஆகவே தமிழ்க் கவிஞர்கள் சிலர் எதைச் செய்து வாழ்ந்தார்கள், அந்த வாழ்வு அவர்கள் பாட்டை என்ன செய்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தொலைவில் உள்ள கத்தலான் மொழிக் கவிஞர்கள் சிலரையும் துணைக்கு அழைத்துக்கொள்வோம்.

மடமும் கல்லூரியும்

சங்க காலத்துப் பாணரும் புலவரும் பரிசிலை நம்பி வாழ்ந்தனர் என்பது நாம் அறிந்ததே. அந்த ஏற்பாடு பெயர் மாறி, இடம் மாறி, பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. அதன் கடைசிப் பெரும் பிரதிநிதி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876). திருவாவடுதுறை ஆதீனத்து வித்துவானாக விளங்கிய அவர் இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களைப் பாடினார். ஓர் ஊரார் கேட்டால் அவ்வூர்க் கோயிலுக்கு ஒரு புராணம். அதற்கு ஒரு சன்மானம். இத்தனை பாடியும் அவர் கடன் தொல்லையிலிருந்து விடுபடவில்லை என்பதை அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் எழுதிய வரலாற்றால் அறிகிறோம்.

அம்மாணவரோ 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். ஆசிரியர் மடத்தை நம்பி வாழ்ந்தார். மாணவர் அரசுச் சம்பளத்தில் வாழ்ந்தார். ஒரே தலைமுறையில் நிகழ்ந்த இம்மாற்றம் தமிழிலக்கிய வரலாற்றில் ஒரு பெரிய திருப்பம். மாதச் சம்பளம் என்ற ஒன்று வந்ததால்தான் சாமிநாதையரால் எவர் கேட்டாலும் பாடுகிற வேலையை விட்டு, எவரும் கேட்காத பழஞ்சுவடிகளைத் தேடி அலைய முடிந்தது எனலாம்.

செய்தித்தாளில் ஒரு கவிஞன்

பாரதியார் (1882-1921) பழைய வழியையும் புதிய வழியையும் தம் ஒரே வாழ்வில் நடந்து பார்த்தவர். எட்டயபுரம் அரண்மனையில் இருந்தார். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சுமார் மூன்று மாதம் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அவ்வாண்டின் இறுதியில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து சென்னைக்கு வந்தார்.

அங்கு அவருக்கு வாய்த்த முக்கிய வேலை, ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்குவது. ஒவ்வொரு நாளும் உலகச் செய்திகளைத் தமிழில் சொல்லியாக வேண்டும். அதுவும் படித்தவுடன் விளங்கும்படி சொல்லியாக வேண்டும். அச்சுக்குப் போகும் நேரம் தவறாமல் சொல்லியாக வேண்டும். அந்தாதியும் சிலேடையும் பழகிய கைக்கு இது எத்தகைய பயிற்சியாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! பாரதியின் எளிமையைப் புகழ்கிறோம். அவ்வெளிமை வானத்திலிருந்து இறங்கி வந்ததன்று. அதில் பெரும்பகுதி செய்தித்தாள் மேசையில் அன்றாடம் வேலை பார்த்துப் பெற்றது என்பது என் கருத்து.

1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழ் அவர் அரசியலுக்குக் களமாயிற்று. 1908இல் அடக்குமுறை வந்தது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதானார். பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். 'இந்தியா' அங்கிருந்து 1910 வரை வெளிவந்து நின்றது. அதன்பின் நிலையான வருமானம் இல்லை. வியப்பு என்னவென்றால், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் ஆகியவை அந்த வருமானமற்ற புதுச்சேரிக் காலத்தின் விளைச்சல்களே. இதைக் கொண்டு 'வறுமைதான் கவிதைக்கு உரம்' என்று சிலர் முடிவு கட்டுவர். அது தவறு. வறுமை அவருக்குத் தந்தது ஓய்வு நேரம் மட்டுமே; அதற்கு வாங்கிக்கொண்ட விலையோ மிகப் பெரிது. அந்த விலையில் பாதியைச் செல்லம்மாள் செலுத்தினார் என்பதையும் மறக்கலாகாது.

1918 நவம்பரில் தமிழகம் திரும்பும் வழியில் கடலூர் அருகே கைதாகிச் சிறைப்பட்டார். விடுதலைக்குப் பின் மனைவியின் ஊரான கடையத்தில் வாழ்ந்தார். 1920இல் மீண்டும் சுதேசமித்திரனில் வேலை. அதே ஆண்டில் தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிட ஒரு திட்டம் வகுத்து, அதற்குக் கடனுதவி வேண்டி நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். கணக்கிட்டுப் பார்த்தால் மொத்தம் 4 இலட்சம் படிகள்! தம் புத்தகங்கள் தீப்பெட்டி போல வீட்டுக்கு வீடு விலைபோகும் என்று நம்பினார். திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில், 38ஆம் வயதில், திருவல்லிக்கேணியில் மறைந்தார். அவர் கடைசியாகக் குடியிருந்த வீடு இன்று நினைவில்லம்.

1949இல் சென்னை அரசு அவர் நூல்களின் உரிமையை ஏற்றது. பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாயின. இன்று எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம். 4 இலட்சம் படி என்ற அவர் கனவு பன்மடங்காக நிறைவேறிவிட்டது. ஆனால் கனவு கண்டவர் கைக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

கரும்பலகையின் நிழலில்

பாரதியிடம் அன்பு கொண்டு தம் பெயரையே மாற்றிக்கொண்டவர் கனக சுப்புரத்தினம் என்னும் பாரதிதாசன் (1891-1964). கொள்கையில் நெருப்பானவர், ஆனால் வேலையில் நிலையானவர். 1909இல் காரைக்கால் பகுதி நிரவியில் ஆசிரியப் பணி ஏற்றார். 1946 வரை 37 ஆண்டுகள் பிரெஞ்சிந்தியப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தார். ஓய்வு பெற்ற அதே ஆண்டில் சென்னையில் அறிஞர் அண்ணா முன்னின்று நடத்திய விழாவில் ரூ. 25,000 பொற்கிழி வழங்கப்பெற்றது. அரசரும் மடமும் கொடுத்த காலம் போய், மக்கள் சேர்ந்து கொடுத்த காலம் வந்ததற்கு அவ்விழா ஓர் அடையாளம்.

இருப்பினும் பொற்கிழி ஓய்வூதியமாகிவிடாது. தம் 'பாண்டியன் பரிசு' காவியத்தைத் திரைப்படமாக்கும் விருப்பத்தோடு முதுமையில் சென்னைக்கு வந்தார். படம் நிறைவேறாமலேயே 1964 ஏப்ரலில் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். சாகித்திய அகாதெமிப் பரிசு 'பிசிராந்தையார்' நாடகத்துக்காக 1969இல்தான் வந்தது.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் 36 ஆண்டுகள் ஆசிரியர். குழந்தைகளுக்காக அவர் பாடியவை குழந்தைகள் நடுவிலேயே வாழ்ந்தவரின் பாடல்கள். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888-1972) தூரிகையால் வாழ்ந்தவர். காவலர் ஒருவரின் மகனாகப் பிறந்து, உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் பாட்டெழுதிச் சிறையும் சென்றார். 1949இல் அவரே சென்னை மாகாணத்து அரசவைக் கவிஞரானார். கோட்டையில் பத்து மாடித் தலைமைச் செயலகக் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உப்பளத்திலிருந்து கோடம்பாக்கம்

அபிராமபுரத்தில் என் அப்பாவின் இஸ்திரி வண்டியில் ஒரு வானொலிப்பெட்டி உண்டு. பழைய பாடல் வந்தால் பெட்டி தேய்க்கும் கை சற்று நிதானிக்கும். அப்பாவுக்குக் கவிதை நூல் எதுவும் தெரியாது. ஆனால் பட்டுக்கோட்டையார் பாட்டு எது, கண்ணதாசன் பாட்டு எது என்று இரண்டு வரியில் சொல்லிவிடுவார். இலக்கியம் படியாதவர் வாழ்வில் இலக்கியம் நுழைந்த வாசல் திரைப்பாட்டு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் (1930-1959) செங்கப்படுத்தான்காட்டில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு இரண்டாம் வகுப்பளவே. மாடு மேய்த்தல், உழவு, மாம்பழ வியாபாரம், முறுக்கு வியாபாரம், மீன் பிடித்தல், உப்பள வேலை, தண்ணீர் வண்டி ஓட்டுதல், நாடக நடிப்பு என்று அவர் செய்த தொழில்களை அடுக்கினால் பதினேழு வரை போகும். விவசாய இயக்கத்தில் ஈடுபட்டார். புதுச்சேரியில் பாரதிதாசனிடம் இருந்து பழகினார். 1950களின் நடுவே திரையுலகில் நுழைந்தார். ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ 180 பாடல்கள்! 1959 அக்டோபர் 8ஆம் நாள், 29ஆம் வயதில் மறைந்தார்.

அவர் வாழ்விலிருந்து நான் உணர்வது இதுதான். உழைப்பைப் பற்றிப் பாடிய கவிஞர் பலர் உண்டு. அவர்கள் வரப்பில் நின்று பார்த்துப் பாடினர். இவர் சேற்றில் நின்று பாடினார். பதினேழு தொழில்களும் அவருக்குப் பதினேழு சொற்களஞ்சியங்களைக் கொடுத்தன. ஏடறியாத தொழிலாளியும் அப்பாடலைத் தன் பேச்சு என்றே கேட்டான்.

கண்ணதாசன் (1927-1981) சிறுகூடற்பட்டியில் பிறந்து எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். 'திருமகள்' இதழின் ஆசிரியராகி, 1949இல் 'கன்னியின் காதலி' படத்துக்குப் பாட்டெழுதினார். 'தென்றல்', 'கண்ணதாசன்' ஆகிய இதழ்களை நடத்தினார். சொந்தமாகப் படம் எடுத்தார், கடன்பட்டார், அதைத் தம் எழுத்திலேயே ஒளிக்காமல் சொன்னார். 1978இல் அரசவைக் கவிஞர். 1980இல் 'சேரமான் காதலி'க்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு. தியாகராய நகரில் அவர் வாழ்ந்த ஹென்ஸ்மன் சாலை இன்று கண்ணதாசன் சாலை.

இங்கே ஒரு சட்டச் செய்தி கவனிக்கத்தக்கது. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. ஓர் எழுத்தாளர் மறைந்த பின் 60 ஆண்டுகள் அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. ஆனால் திரைப்பாடலாசிரியர் பாட்டுக்கு ஒருமுறை பணம் வாங்கிக்கொண்டு உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிடுவதே நெடுங்கால வழக்கம். அதன்பின் அப்பாட்டு நாடெங்கும் ஒலித்தாலும் அவருக்கு ஒரு காசு வருவது அரிது. 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. பாட்டுக்கு வரும் பங்குத் தொகையில் பாடலாசிரியருக்கு உள்ள உரிமையை எழுதி வாங்கிக்கொள்ள இனி முடியாது. கல்யாணசுந்தரத்துக்கும் கண்ணதாசனுக்கும் அது காலம் கடந்து வந்த நீதி.

அலுவலகமும் வகுப்பறையும்

புதுக்கவிதை பிறந்தபோது அதற்குத் திரையும் இல்லை, மேடையும் இல்லை. அதை வளர்த்தவர்கள் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். முன்னோடி ந. பிச்சமூர்த்தி (1900-1976) வழக்கறிஞர். பின்னர் கோயில்களின் நிர்வாக அதிகாரி. அவர் கவிதைகளுக்கு இடம் தந்த 'எழுத்து' இதழைச் சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் திருவல்லிக்கேணியிலிருந்து தொடங்கினார். 1970 வரை 119 இதழ்கள் வந்தன. நூல்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் அவர். நம் நூலகங்களில் உள்ள சில பழைய 'எழுத்து' வெளியீடுகள் அப்படி வந்தவையாகவும் இருக்கலாம்.

சி. மணி அரசுக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியர். ஞானக்கூத்தன் (1938-2016) பொதுப்பணித்துறை ஊழியர், வீட்டு மொழி கன்னடம், எழுதியது தமிழில். 1970இல் தோன்றிய 'கசடதபற' இதழின் முன்னணிக் கவிஞரான அவர் 1973இல் 'அன்று வேறு கிழமை' தொகுதியை வெளியிட்டார். கூட்டங்களையும் முழக்கங்களையும் சற்று விலகி நின்று நகைக்கும் அவர் பார்வைக்கும், கோப்புகளுக்கு நடுவே அமர்ந்து உலகைக் கவனித்த அலுவலக வாழ்வுக்கும் தொடர்பு இல்லாமலா போகும்?

1971இல் கோவையில் எழுந்த 'வானம்பாடி' இயக்கத்தில் ஆசிரியர்களே மிகுதி. அப்துல் ரகுமான் வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். மு. மேத்தா நம் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர். மீரா சிவகங்கை மன்னர் துரைசிங்கம் கல்லூரியில் ஆசிரியர். 'அன்னம்' பதிப்பகத்தை நிறுவிப் பிற இளங்கவிஞர்களின் நூல்களை அச்சேற்றினார். 1971இல் வந்த அவருடைய நூலின் பெயர் 'கனவுகள் + கற்பனைகள் = காகிதங்கள்'. அறிவியல் மாணவர்களாகிய நாம் இச்சமன்பாட்டைச் சரிபார்க்க வேண்டியதில்லை, மகிழ்ந்தால் போதும்!

கவிதை எழுதும் பெண்களின் நிலை வேறு. துவரங்குறிச்சியில் பிறந்த சல்மாவுக்குப் பருவமெய்தியதும் பள்ளி நின்றது. வீட்டாருக்குத் தெரியாமல் புனைபெயரில் எழுதினார். முதல் தொகுதி 2000இல் வந்தது. பிறகு ஊராட்சித் தலைவரானார்; 2025இல் மாநிலங்களவை உறுப்பினரானார். சுகிர்தராணி பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு எழுதுபவர். ஆண் கவிஞர் தேடியது கவிதைக்கு நடுவே ஒரு வேலையை. பெண் கவிஞர் தேடியது சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு நடுவே ஒரு தாளையும் எழுதுகோலையும். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது பொருந்தாது.

தொலைதூரத்து உறவினர்

இந்தக் கணக்கு தமிழுக்கு மட்டுந்தானா என்று பார்க்கக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிறமொழிக் கவிஞர்களின் வரலாறுகளைத் தேடினேன். அப்போது கண்ணில் பட்டதே கத்தலான் மொழி. ஸ்பெயினின் கிழக்கே பார்சிலோனாவும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் அதன் தாயகம். பேசுவோர் ஏறத்தாழ ஒரு கோடி. பழைய இலக்கியம் உடையது; தனக்கென ஒரு பெரிய அரசு இல்லாதது. இவ்வளவு சொன்னாலே தமிழருக்கு அம்மொழி அந்நியமாகத் தோன்றாது.

அதன் மறுமலர்ச்சியைத் தொடங்கி வைத்ததாகக் கூறப்படும் 1833ஆம் ஆண்டுப் பாடலை எழுதிய அரிபாவு, மாட்ரிட் நகரில் ஒரு வங்கியாளரிடம் வேலை பார்த்தவர். அப்பாடல் அவர் தம் முதலாளிக்கு வாழ்த்தாக எழுதியது! நம் சீட்டுக்கவி மரபை எண்ணாமல் இருக்க முடியவில்லை. வெர்தாகெர் (1845-1902) உழவர் குடும்பத்துப் பாதிரியார். கியூபாவுக்குச் செல்லும் கப்பலில் மதகுருவாகப் பணியாற்றிக் கடற்காவியம் முடித்து 1877இல் பரிசு பெற்றார். பின்னர் ஒரு செல்வரின் மாளிகையில் வாழ்ந்து, ஆயருடன் பிணங்கி, பதவி இழந்து துன்புற்றார். எட்டயபுரத்து நிழல் இங்கும் விழுகிறது.

சல்வாத்-பபசெயித் (1894-1924) கப்பல் கொதிகலனில் கரி தள்ளியவரின் மகன். ஏழு வயதில் தந்தையை இழந்தார். பார்சிலோனாத் துறைமுகத்தில் இரவுக் காவலராக இருந்தார். காசநோயால் 30ஆம் வயதில் மறைந்தார். அவரும் நம் பட்டுக்கோட்டையாரும் சந்தித்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. மார்த்தி இ போல் (1929-2003) 14ஆம் வயதில் நூற்பாலையில் சேர்ந்து, நரம்பு நோய் தாக்கும் வரை அங்கேயே வேலை பார்த்து, ஆலையைப் பற்றியே கவிதை எழுதினார்.

1939இல் பிராங்கோ ஆட்சி வென்றதும் கத்தலான் பள்ளியிலிருந்தும் பொதுவாழ்விலிருந்தும் விரட்டப்பட்டது. கார்லெஸ் ரீபா நாட்டை விட்டு வெளியேறினார். 1943இல் திரும்பி அடக்கமாக மொழித்தொண்டு செய்தார். எஸ்பிரியு நோட்டரி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே தம் மக்களின் குரலானார். இங்கே நம் நெஞ்சு ஈழத்தை நினைக்கிறது. அளவெட்டியில் பிறந்த மஹாகவி உருத்திரமூர்த்தி (1927-1971) அரசு எழுத்தராகத் தொடங்கி நிர்வாக சேவை அதிகாரியானவர். அவர் மகன் சேரன் கனடாவில் பல்கலைக்கழகப் பேராசிரியர். தந்தைக்கும் மகனுக்கும் இடையே 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, போர் நடந்தது. தந்தை தம் நாட்டிலேயே உத்தியோகம் பார்த்து எழுதினார். மகனோ கடல் கடந்து எழுதுகிறார்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் மூன்று உண்மைகள் தெளிவாகின்றன.

முதலாவது, கவிதையை மட்டும் நம்பி நிம்மதியாக வாழ்ந்தவர் இவர்களில் ஒருவருமில்லை. அரண்மனை, மடம், பத்திரிகை, பள்ளி, திரை, அலுவலகம் என ஏதேனும் ஒன்று தேவைப்பட்டது. எனவே வீட்டார் கவலை நியாயமானதே. அதை நாம் அவமதிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது, செய்த தொழில் கவிதைக்குப் பகையாகவில்லை; பெரும்பாலும் அதற்குப் பொருளும் சொல்லும் தந்தது. செய்தி மேசை பாரதிக்கும், உப்பளம் கல்யாணசுந்தரத்துக்கும், நூற்பாலை மார்த்தி இ போலுக்கும் தந்ததை எந்த அரசவையும் தந்திராது. பட்டம் பெற்று நம்மில் ஒருவர் எழுத்தராகலாம். ஒருவர் ஆய்வுக்கூடத்தில் நிற்கலாம். ஒருவர் வண்டியும் தள்ளலாம். அங்கேயும் எழுத நிறைய இருக்கிறது.

மூன்றாவது, இவர்களுக்கு நேர்ந்த துன்பங்களில் பல தவிர்க்கக்கூடியவை. 1920இல் பாரதி கேட்டது தானமன்று. வட்டியோடு திருப்பித் தரும் கடன். அன்று ஒரு கை கொடுத்திருந்தால் போதும். மறைந்தபின் சிலையும் சாலைப் பெயரும் தருவதற்கு முன், வாழும்போது நூலை விலை கொடுத்து வாங்குவது வாசகர் கடமை. இளங்கவிஞர் ஒருவரின் நூலை ஆண்டுக்கு ஒன்றேனும் நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் வாங்கினால், இன்னொரு செல்லப்பா மூட்டை சுமக்க வேண்டியிராது.

எழுத்து சோறு போடுமா என்று இனி எவரேனும் கேட்டால் நான் மழுப்ப மாட்டேன். "பெரும்பாலும் போடாது, அதற்காகத்தான் பி.எஸ்சி. படிக்கிறேன். ஆனால் எழுதுவதை நிறுத்தமாட்டேன்" என்று சொல்வேன். மேலே பெயர் சொன்னவர்கள் எல்லோரும் தத்தம் வீட்டில் ஏறத்தாழ இந்த விடையைத்தான் சொல்லியிருப்பார்கள்.